காமா பரவலும் அந்த மூன்றாவது எண்ணும்: ஆர் மொழிக்குப் புதியவர்களுக்கு

ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கருவியில் விரல் வைத்து, பில் போட்டு, அரிசியும் பருப்பும் எடை போட்டு வாங்கிக்கொண்டு நகர ஒருவருக்குச் சராசரியாக 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். சிலர் ஒரே நிமிடத்தில் போய்விடுவார்கள். கைரேகை விழாத பெரியவர் ஒருவர் வந்துவிட்டால் எட்டு நிமிடம்கூட ஆகும். சரி, உங்கள் முறை வர 20 நிமிடத்துக்கு மேல் ஆக எவ்வளவு வாய்ப்பு?

நாலையும் மூன்றையும் பெருக்கினால் 12 என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் இங்கே கேட்பது சராசரியை அல்ல. 20ஐத் தாண்டும் வாய்ப்பைக் கேட்கிறோம். இந்த மாதிரிக் கேள்விக்குத்தான் காமா பரவல் வேண்டும் (பரவல் என்பது எந்த அளவு எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று சொல்லும் வளைவு). ஆர் மொழியில் இதற்கு ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தப்பாக எழுதுவதும் மிகச் சுலபம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆர் இலவசம். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய, புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழி இது. 1.0.0 பதிப்பு வெளிவந்தது 2000, பிப்ரவரி 29இல். க்ரான் என்ற ஆரின் இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவினால் போதும், காமா பரவலுக்கென்று தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். ஆரில் எழுத உதவும் ஆர்ஸ்டூடியோ என்ற மென்பொருள் இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் தட்டும்போது அதே சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். காமாவுக்கு எம் இரண்டு. ஒற்றை எம் போட்டுவிட்டு, இப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஆர் சொல்வதைப் பார்த்து விழிப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் படி: மூன்று பெயர்கள்

காமா பரவலை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஷேப். இன்னொன்றுக்கு இரண்டு பெயர்கள்: ஸ்கேல் என்று சொல்லலாம், ரேட் என்றும் சொல்லலாம். ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது கிடைக்கும். ஸ்கேல் 3 என்றால் ரேட் 1/3.

நம் வரிசையில் ஷேப் என்பது முன்னால் நிற்கும் ஆட்களின் எண்ணிக்கை, அதாவது 4. ஸ்கேல் என்பது ஒருவருக்கு ஆகும் சராசரி நேரம், 3 நிமிடம். ரேட் என்பது ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் முடிகிறார்கள் என்பது, மூன்றில் ஒரு பங்கு ஆள். ஷேப்புக்கு அலகு கிடையாது. ஸ்கேலின் அலகு நிமிடம். ரேட்டின் அலகு "நிமிடத்துக்கு". நிமிடத்தை நொடியாக மாற்றினால் ஷேப் அப்படியே இருக்கும், ஸ்கேல் 180 ஆகும், ரேட் 1/180 ஆகும். எது எது என்று குழம்பும்போதெல்லாம் நான் அலகைத்தான் கேட்டுக்கொள்வேன். கையில் இருக்கும் எண்ணுக்குப் பின்னால் நிமிடம், ரூபாய், மில்லிமீட்டர் என்று போட முடிந்தால் அது ஸ்கேல்.

சராசரி என்பது ஷேப் பெருக்கல் ஸ்கேல்: 4 × 3 = 12. பள்ளியில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தோமே, அந்த வேரியன்ஸ் என்பது ஷேப் பெருக்கல் ஸ்கேலின் வர்க்கம்: 4 × 9 = 36. அதன் வர்க்கமூலமான திட்டவிலக்கம் 6. வேரியன்ஸைச் சராசரியால் வகுத்தால் ஸ்கேல் திரும்பக் கிடைக்கும், 36/12 = 3. இதைப் பின்னால் பயன்படுத்தப்போகிறோம்.

ஷேப் 1 என்றால் காமா வெறும் எக்ஸ்பொனென்ஷியல் பரவலாகிவிடும். ஒரே ஒருவர் முடிக்கக் காத்திருப்பது போல. அத்தகைய நாலு நேரங்களைக் கூட்டினால் ஷேப் 4 காமா. ஷேப் முழு எண்ணாக இருக்கும்போது இதற்கு எர்லாங் பரவல் என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், தொலைபேசி அழைப்புகளின் நெரிசலைக் கணக்கிட்டு 1909இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் வரிசைக் கோட்பாடு என்ற துறையே கிளம்பியது. ஷேப் முழு எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்றில்லை. 2.7 இருக்கலாம், 0.4 இருக்கலாம். 1க்குக் கீழே போனால் வளைவு பூஜ்யத்தை ஒட்டி விண்ணுக்கு ஏறிவிடும். 1க்கு மேலே போகப் போக நடுவில் ஒரு மேடு எழும்பி, வலப்பக்கம் நீண்ட வாலோடு நிற்கும். ஷேப் மிகப் பெரிதானால் அந்த வால் மெல்ல மறைந்து இயல்நிலைப் பரவல் போலவே தெரியும்.

இரண்டாம் படி: நாலு கட்டளை

ஆரில் அநேகமாக எந்தப் பரவலுக்கும் நாலு கட்டளை உண்டு. பரவலின் பெயருக்கு முன்னால் டி, பி, க்யூ, ஆர் என்ற எழுத்துகளில் ஒன்றை ஒட்ட வேண்டும்.

பிகாமாதான் அடிக்கடி தேவைப்படும். ஒரு எண்ணுக்குள் முடிந்துவிட எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்லும்.

பிகாமா(20, ஷேப் = 4, ஸ்கேல் = 3)

விடை 0.899. நமக்கு வேண்டியது 20க்கு மேலே போகும் வாய்ப்பு. ஒன்றிலிருந்து கழிக்கலாம், அல்லது இப்படிக் கேட்கலாம்:

பிகாமா(20, ஷேப் = 4, ஸ்கேல் = 3, லோயர்.டெயில் = ஃபால்ஸ்)

விடை 0.1009. பத்து முறை போனால் ஒரு முறை 20 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டிவரும். கழிப்பதற்கும் இப்படிக் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றலாம். 20க்குப் பதில் 200 போட்டுப் பாருங்கள். கழித்தால் வெறும் 0 வரும். வாலை நேராகக் கேட்டால் 5.76ஈ-25 என்று வரும், அதாவது 5.76ஐப் பத்தின் 25ஆம் அடுக்கால் வகுத்த எண். கணினி ஒன்றுக்கு மிக அருகில் உள்ள எண்ணை ஒன்று என்றே வைத்துக்கொள்வதால் கழித்தலில் எல்லாம் போய்விடுகிறது. ரேஷன் கடைக்கு இது தேவையில்லைதான். அரிதான நிகழ்வுகளைக் கணக்கிடுபவர்களுக்குத் தேவை.

க்யூகாமா இதன் மறுபக்கம். வாய்ப்பைக் கொடுத்தால் நேரத்தைத் தரும். க்யூகாமா(0.9, ஷேப் = 4, ஸ்கேல் = 3) என்றால் 20.04. க்யூகாமாவில் 0.5 கொடுத்தால் இடைநிலை அளவு 11.02. சராசரி 12, இடைநிலை 11. வலப்பக்க வால் சராசரியை இழுத்துக்கொண்டு போவது இந்த ஒரு நிமிட வித்தியாசத்தில் தெரிகிறது. 0.95 கொடுத்தால் 23.26. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர நேரத்துக்குப் போயாக வேண்டும் என்றால் 12ஐ நம்பாமல் இந்த எண்ணை நம்பிக் கிளம்புங்கள்.

ஆர்காமா கற்பனையாக எண்களை உண்டாக்கும். அதைத் தனியாகப் பார்ப்போம்.

மிச்சம் டிகாமா. இது வளைவின் உயரத்தைத் தரும். டிகாமா(9, ஷேப் = 4, ஸ்கேல் = 3) என்றால் 0.0747, வளைவின் உச்சி அங்கேதான். "சரியாக 9 நிமிடம் ஆக 7.5 சதவீத வாய்ப்பு" என்று இதைப் படித்துவிடாதீர்கள். இது அடர்த்தி, வாய்ப்பு அல்ல. சந்தேகம் இருந்தால் டிகாமா(0.1, ஷேப் = 1, ரேட் = 5) என்று தட்டிப் பாருங்கள், 3.03 வரும். ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்க முடியுமா? வளைவுக்குக் கீழே உள்ள பரப்புதான் வாய்ப்பு, பரப்பைத் தருவது பிகாமா.

வெறும் காமா என்ற கட்டளையும் ஆரில் இருக்கிறது. அது பரவலே அல்ல, காமா சார்பு. காமா(5) என்றால் 24 வரும், நாலின் தொடர்பெருக்கம். 171 வரை தாங்கும், 172 கொடுத்தால் முடிவிலி என்று சொல்லிவிடும். பெரிய எண்களுக்கு எல்காமா என்று கேட்டு மடக்கையை வாங்கிக்கொள்ள வேண்டும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

மூன்றாம் படி: மூன்றாவது எண்

மேலே எல்லா வரியிலும் ஷேப், ஸ்கேல் என்று பெயர் போட்டே எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். பெயர் இல்லாமலும் எழுதலாம். பிகாமா(20, 4, 3) என்று. ஆர் மறுக்காது, எச்சரிக்கையும் தராது. 1 என்று ஒரு விடை தரும்.

நான் முதன்முதலில் ஓர் எக்செல் கணக்கை ஆருக்கு மாற்றியபோது இப்படித்தான் செய்தேன். எக்செலில் காமா.டிஸ்ட்(20, 4, 3, ட்ரூ) என்று இருந்தது, விடை 0.899. அதே எண்களை அதே வரிசையில் ஆரில் போட்டேன். 1 வந்தது. முழு எண்ணாக மாற்றிக் காட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, எத்தனை தசம இடம் காட்ட வேண்டும் என்ற அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தேன், அரை மணி நேரம். கடைசியில் வாலைக் கேட்டுப் பார்த்தால் 3.3ஈ-22. அப்போதுதான் ஏதோ அடிப்படையிலேயே தப்பு என்று உறைத்தது. ஆரில் ஷேப்புக்கு அடுத்து வருவது ரேட். நான் கொடுத்த 3ஐ "நிமிடத்துக்கு மூன்று பேர்" என்று அது எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கடையில் சராசரிக் காத்திருப்பு 1.33 நிமிடம்தான். அங்கே யார் 20 நிமிடம் நிற்கப்போகிறார்கள்?

பைத்தானுக்குப் போனால் கதை இன்னும் வேடிக்கை. சைபை தொகுப்பில் காமாவின் சிடிஎஃப் (ஆரின் பிகாமா செய்யும் அதே வேலை) என்று கேட்டு 20, 4, 3 கொடுங்கள். 0.99996 வரும். வால் 0.00004. எக்செலின் விடையும் அல்ல, ஆரின் விடையும் அல்ல. சைபையில் ஷேப்புக்கு அடுத்து வருவது லோக், அதாவது பரவல் முழுவதையும் வலப்பக்கம் நகர்த்தும் எண். அது "எல்லாரும் முதலில் 3 நிமிடம் சும்மா நிற்பார்கள், அப்புறம் ஆளுக்கு 1 நிமிடம்" என்று கணக்கிட்டிருக்கிறது. அங்கே ஸ்கேல் = 3 என்று பெயர் சொல்லித்தான் தர வேண்டும். அதே பைத்தானில் நம்பையின் காமா எண் உருவாக்கிக்கு ஷேப்புக்கு அடுத்து ஸ்கேல். மேட்லேப், ஜூலியா என்ற கணினி மொழிகளும் ஸ்கேல் கட்சி. புள்ளியியல் மாதிரிகளை எழுதப் பயன்படும் ஜாக்ஸும் ஸ்டானும் ரேட் கட்சி. எக்செலும் ஸ்டானும் அந்த இரண்டாவது எண்ணைப் பீட்டா என்றே கூப்பிடுகின்றன. எக்செலின் பீட்டா ஸ்கேல், ஸ்டானின் பீட்டா ரேட். புத்தகத்தில் ஆல்ஃபா, பீட்டா என்று இருப்பதைப் பார்த்து அப்படியே மென்பொருளில் போட்டால் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் முடியும்.

எண் உண்டாக்கும் வேலையை ஆரில் செய்துவிட்டு மாதிரியை ஸ்டானில் எழுதுபவர்களுக்குச் சிக்கல் வராது, இரண்டும் ரேட். பைத்தானிலிருந்து ஸ்டானுக்குப் போகிறவர்கள்தான் மாட்டுவார்கள்.

என் பழக்கம் இரண்டு. எப்போதும் பெயர் போட்டே எழுதுவேன். அப்புறம் எந்தக் கணக்கையும் தொடங்குமுன் ஆர்காமாவால் ஒரு லட்சம் எண் உண்டாக்கிச் சராசரியைப் பார்ப்பேன்:

மீன்(ஆர்காமா(100000, ஷேப் = 4, ஸ்கேல் = 3))

12க்கு ஒட்டி வந்தால் சரி. 1.33 வந்தால் கவிழ்ந்துவிட்டோம் என்று பொருள். ஒரு நொடியில் முடிகிற சோதனை. ரேட், ஸ்கேல் இரண்டையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் சேர்த்துக் கொடுத்தால் ஆர் பிழை காட்டும். அந்த இடத்தில் மட்டும் அது நம்மைக் காப்பாற்றுகிறது.

நாலாம் படி: கண்ணால் பார்ப்பது

வளைவை வரைய:

கர்வ்(டிகாமா(எக்ஸ், ஷேப் = 4, ஸ்கேல் = 3), ஃப்ரம் = 0, டு = 40)

ஷேப்பை 0.5, 1, 2, 10 என்று மாற்றி மாற்றி வரைந்து பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் இந்தக் கட்டுரையை விட அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

நாலு எக்ஸ்பொனென்ஷியலைக் கூட்டினால் காமா வரும் என்று மேலே சொன்னேன். நம்ப வேண்டாம், செய்து பார்க்கலாம். முதலில் செட்.சீட்(7) என்று தட்டுங்கள். அடுத்த முறையும் அதே எண்கள் வர வேண்டும் என்பதற்காக. 7க்குப் பதில் எந்த எண்ணும் போடலாம்.

கூட்டு <- ரெப்ளிகேட்(10000, சம்(ஆர்எக்ஸ்ப்(4, ரேட் = 1/3)))
ஹிஸ்ட்(கூட்டு, பிரேக்ஸ் = 50, ஃப்ரெக் = ஃபால்ஸ்)
கர்வ்(டிகாமா(எக்ஸ், ஷேப் = 4, ஸ்கேல் = 3), ஆட் = ட்ரூ)

"கூட்டு" என்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பொனென்ஷியலுக்கு ஆரில் ரேட் மட்டும்தான் உண்டு, ஸ்கேல் கிடையாது. அதனால் 1/3. கட்டங்களின் தலைகளைத் தொட்டுக்கொண்டு கோடு போக வேண்டும். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தால் ஃப்ரெக் = ஃபால்ஸ் போட மறந்திருக்கிறீர்கள். கட்டங்கள் நூற்றுக்கணக்கில் எண்ணிக்கையைக் காட்ட, வளைவு 0.07 உயரத்தில் நிற்கும். இந்தப் படத்தைக் காட்டி "காமா பொருந்தவே இல்லை" என்று சொன்ன மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஷேப் மிகச் சிறியதாக இருந்தால் இன்னொரு விநோதம். ஆர்காமா(1000, ஷேப் = 0.001) என்று கேட்டால் பாதிக்குக் கிட்ட எண்கள் சுத்தமாக 0 என்று வரும். காமா பரவலில் பூஜ்யமே வரக் கூடாது. அவை பூஜ்யம் அல்லதான், கணினியால் எழுத முடியாத அளவுக்குச் சிறியவை. அவற்றுக்கு மடக்கை எடுத்தால் மைனஸ் முடிவிலி வந்து அடுத்த கணக்கெல்லாம் நாசமாகும்.

ஐந்தாம் படி: உங்கள் தரவுக்குப் பொருத்துவது

இதுவரை ஷேப்பும் ஸ்கேலும் நமக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டோம். நிஜத்தில் கையில் எண்கள்தான் இருக்கும். பயிற்சிக்காகப் பத்து காத்திருப்பு நேரங்களை நானே எழுதிக்கொள்கிறேன்:

டைம்ஸ் <- சி(4, 6, 7, 9, 10, 11, 13, 15, 19, 26)

சராசரி 12. வேரியன்ஸ் கட்டளையான வார்(டைம்ஸ்) தருவது 43.78. மேலே பார்த்தபடி வேரியன்ஸைச் சராசரியால் வகுத்தால் ஸ்கேல்: 43.78/12 = 3.65. சராசரியை ஸ்கேலால் வகுத்தால் ஷேப்: 3.29. பேனாவும் தாளும் போதும். இதற்குத் திருப்புத்திறன் முறை என்று பெயர்.

கையிலுள்ள தரவு வர மிக அதிக வாய்ப்புத் தரும் ஷேப், ஸ்கேலைத் தேடும் மீப்பெரு சாத்தியக்கூறு முறை இதைவிட நல்லது, காமாவுக்குக் குறிப்பாக. மாஸ் என்ற தொகுப்பு பெரும்பாலும் ஆரோடு சேர்ந்தே வந்துவிடும்:

லைப்ரரி(மாஸ்)
ஃபிட்டிஸ்டர்(டைம்ஸ், "காமா")

இங்கே மாஸ் என்பதை முழுக்கப் பெரிய எழுத்தில் தட்ட வேண்டும். அடுத்த கட்டளை, ஃபிட் என்ற சொல்லும் டிஸ்ட்ரிப்யூஷனின் முதல் ஐந்து எழுத்துகளும் ஒட்டியது. விடையில் ஷேப் 3.86, ரேட் 0.32 என்று வரும். ரேட் என்றுதான் வரும், கவனம். ஸ்கேல் வேண்டுமென்றால் தலைகீழாக்கினால் 3.11.

ஏன் இரண்டு முறைக்கும் 3.29, 3.86 என்று இவ்வளவு வித்தியாசம்? அந்த 26ஐப் பாருங்கள். வேரியன்ஸில் ஒவ்வொரு விலக்கமும் வர்க்கமாகிறது. மொத்தம் 394இல் 26 மட்டும் 196ஐக் கொண்டுவருகிறது, ஏறத்தாழ பாதி. கைரேகை விழாத அந்த ஒரு பெரியவர் கணக்கையே ஆட்டிவைக்கிறார். மீப்பெரு சாத்தியக்கூறு முறை மடக்கைகளின் சராசரியைப் பயன்படுத்துவதால் பெரிய எண்களுக்கு அவ்வளவு ஆடாது. அதற்குப் பதில் பூஜ்யத்தை ஒட்டிய மிகச் சிறிய எண்களுக்கு ஆடும்.

கணினி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி கண்டவர் தாம் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர். 1958இல் மழை அளவுகளுக்குக் காமாவைப் பொருத்தும் விதத்தை ஒரு சிறு கட்டுரையில் எழுதினார். சராசரியின் மடக்கையிலிருந்து மடக்கைகளின் சராசரியைக் கழியுங்கள். அதை ஏ என்போம். நம் பத்து எண்களுக்கு 2.4849 − 2.3497 = 0.1352. இனி ஷேப் = (1 + √(1 + 4ஏ/3)) / 4ஏ. போட்டுப் பார்த்தால் 3.858. ஆர் பல சுற்று தேடிக் கண்டுபிடிக்கும் விடை 3.857. அறுபது வருஷத்துக்கு மேல் ஆன சூத்திரம் மூன்றாம் தசமத்தில்தான் வழுக்குகிறது! மென்பொருள் தரும் விடை வில்லங்கமாகத் தெரியும்போது நான் இதைத்தான் சரிபார்க்கப் பயன்படுத்துகிறேன்.

ஃபிட்டிஸ்டர் ஷேப்புக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 1.66 என்று ஓர் எண்ணும் காட்டும். அது திட்டப்பிழை. 3.86க்கு 1.66 திட்டப்பிழை என்றால், உண்மை ஷேப் 2 ஆகவும் இருக்கலாம், 6 ஆகவும் இருக்கலாம். பத்து எண்ணை வைத்துக்கொண்டு ஷேப் 3.857 என்று மூன்று தசமம் எழுதுவதில் அர்த்தமே இல்லை.

பைத்தானில் இதே வேலைக்குச் சைபையின் ஃபிட் இருக்கிறது. அது லோக்கையும் சேர்த்துத் தேடும். எஃப்லோக் = 0 என்று கட்டிப்போடாவிட்டால் பரவல் மைனஸ் 2.3 நிமிடத்தில் தொடங்குகிறது என்கிற மாதிரி எதையாவது சொல்லும். கடைக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது போல.

பொருத்தியது நன்றாக அமைந்ததா என்று பார்க்கக் க்யூக்யூ படம் வரையுங்கள். ஒரு அச்சில் க்யூகாமா(பிபாயின்ட்ஸ்(10), ஷேப் = 3.86, ரேட் = 0.32), மறு அச்சில் உங்கள் தரவு. புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழ வேண்டும். கோல்மொகோரோவ்–ஸ்மிர்னோவ் சோதனை (தரவு பரவலோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) செய்து பி மதிப்பு 0.9 வந்தது என்று மகிழாதீர்கள். எந்தத் தரவிலிருந்து ஷேப்பைக் கணித்தோமோ அதே தரவோடு சோதித்தால் அந்தப் பி மதிப்பு எப்போதும் நமக்குச் சாதகமாகவே பேசும். அதைவிட, ஃபிட்டிஸ்டரில் "காமா" இருந்த இடத்தில் "லாக்நார்மல்" என்று போட்டு இன்னொன்றையும் பொருத்தி, இரண்டின் ஏஐசி எண்ணையும் (பொருத்தத்தை மதிப்பிடும் எண்) ஒப்பிடுவது பயனுள்ளது. எது சிறியதோ அது மேல்.

பூஜ்யங்கள் வந்தால்

மழைத் தரவோடு வேலை பார்க்கிறவர்களுக்கு இது முதல் நாளே வரும் தலைவலி. சென்னையில் பிப்ரவரியில் மழையே இல்லாத வருஷங்கள் உண்டு. காமாவுக்குப் பூஜ்யம் ஆகாது, பூஜ்யத்தின் மடக்கை மைனஸ் முடிவிலி. ஃபிட்டிஸ்டர் பிழை காட்டி நின்றுவிடும். உடனே எல்லாப் பூஜ்யத்தையும் 0.01 என்று மாற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள். சிறிய எண்களுக்கு ஆடும் முறை என்று மேலே சொன்னேனே, அந்த 0.01கள் ஷேப்பைத் தரைக்கு இழுத்துவிடும். 0.01க்குப் பதில் 0.1 போட்டால் இன்னொரு விடை வரும்.

வறட்சியை அளக்கும் எஸ்பிஐ (தரப்படுத்திய மழைக் குறியீடு) இதற்கு ஒரு நேர்த்தியான வழி வைத்திருக்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெக்கீ, டோஸ்கென், க்ளைஸ்ட் மூவரும் 1993இல் முன்வைத்தது அது. பூஜ்யங்களைத் தனியே எடுத்து வையுங்கள். மொத்தத்தில் அவை எத்தனை பங்கு என்று எண்ணுங்கள். மிச்சத்துக்கு மட்டும் காமாவைப் பொருத்துங்கள். 30 வருஷத்தில் 9 வருஷம் பூஜ்யம் என்று கற்பனை செய்வோம், பங்கு 0.3. இந்த வருஷம் பெய்த மழைக்குப் பிகாமா 0.5 சொல்கிறது என்றால், மொத்த வாய்ப்பு 0.3 + 0.7 × 0.5 = 0.65. அதைக் க்யூநார்ம்(0.65) என்று இயல்நிலைக்கு மாற்றினால் 0.385. அதுதான் அந்த வருஷத்தின் எஸ்பிஐ. பூஜ்யத்துக்கு மேல் என்றால் வழக்கத்தைவிட ஈரம், கீழே என்றால் வறட்சி.

கடைசியாக, காமாவை வைத்து ரெக்ரஷன்

இன்சூரன்ஸ் க்ளெய்ம் தொகை போன்றவை எப்போதும் பூஜ்யத்துக்கு மேலே இருக்கும், வலப்பக்கம் வால் நீளும், சராசரி கூடினால் சிதறலும் கூடும். இவற்றைக் கணிக்கச் சாதாரண ரெக்ரஷனை (ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் முறை) விடக் காமா ஜிஎல்எம், அதாவது பொதுமைப்படுத்திய நேரியல் மாதிரி, பொருந்தும். திட்டவிலக்கத்தைச் சராசரியால் வகுத்தால் வரும் விகிதம் எல்லாருக்கும் ஒன்றே என்று அது எடுத்துக்கொள்கிறது. நம் ரேஷன் வரிசையில் அந்த விகிதம் 6/12 = 0.5. ஆனால் வரிசை நீண்டால் ஷேப் கூடி விகிதம் குறையும் என்பதால், ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் காத்திருப்பைக் கணிக்க இது அவ்வளவு சரிப்படாது. க்ளெய்ம் தொகைக்குச் சரிப்படும்.

ஜிஎல்எம்(தொகை ~ வயது, ஃபேமிலி = காமா(லிங்க் = "லாக்"))

இந்த ஓர் இடத்தில் காமாவின் முதல் எழுத்து பெரியது. சிறிய எழுத்துப் போட்டால் ஆர் அந்தப் பழைய காமா சார்பைக் கூப்பிட்டு, பிழை காட்டி நின்றுவிடும். லிங்க் எழுதாமல் விட்டால் ஆர் தலைகீழ் இணைப்பை எடுத்துக்கொள்ளும். அதில் வரும் குணகங்களை யாருக்கும் விளக்க முடியாது, சில நேரம் எதிர்மறைத் தொகையைக்கூடக் கணித்துக் காட்டும். லாக் இணைப்பில் குணகத்தை அடுக்கேற்றினால் "ஒரு வயது கூடினால் இத்தனை மடங்கு" என்று நேராகச் சொல்லலாம்.

மாதிரியைப் ப்ரெடிக்ட் கட்டளைக்குக் கொடுத்து, 12,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 9.39 என்று வந்தால் மாதிரி கெட்டுப்போகவில்லை. அது 12,000த்தின் மடக்கை. டைப் = "ரெஸ்பான்ஸ்" என்று ஒரு சொல் சேர்த்துத் திரும்பத் தட்டுங்கள், ரூபாயிலேயே வந்துவிடும்.